வேதம் யார் கையில்?

(செல்லூர் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் யாரையும் ஜெபத்துக்குக் கூப்பிட வரலை. ஒரு வேதத்தை என்ன வைராக்கியத்தோடு படிக்கணும், எந்தத் தெருவில் நின்னு படிக்கணும் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கேன்.

1606-ல் இராபர்ட் தெ நொபிலி என்ற இயேசு சபைத் துறவி, நாயக்கர் ஆண்ட மதுரைக்கு வந்தார். இத்தாலிக்காரர். தமிழ் படித்தார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். நம்ம ஆள் காதில் விழுந்தாலே குற்றம் என்று பூட்டி வைத்திருந்த வேதத்தை, கடல் தாண்டி வந்த ஒருத்தர் உட்கார்ந்து படிச்சார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். காவி கட்டினார், பூணூல் போட்டார், கறி மீனை விட்டார். நீங்கள் தொலைத்த வேதம் என்னிடம் இருக்கிறது என்று பிராமணர்களிடமே வாதாடினார். அந்த உழைப்பை யாரும் குறைச்சுப் பேச முடியாது.

ஆனால் அந்த வேதம் எந்த வாசல் வழியா உள்ளே வந்தது? அக்ரகாரத்து வாசல் வழியா. பரவர்கள் கும்பிட்ட கோயில் மதுரையில் ஏற்கெனவே இருந்தது. நொபிலி அதிலிருந்து விலகித் தனிக்கோயில் கட்டினார். பூணூலும் குடுமியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் அனுமதியும் கொடுத்தார். அப்புறம் 1640-ல், ஒடுக்கப்பட்ட சாதியாரோடு புழங்குவதற்கென்று பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகைக் குருமாரை ஏற்படுத்தினார்கள். கடவுள் ஒருத்தர், சாமியார் ரெண்டு வகை!

நம்ம ஜனங்களுக்குக் கிடைத்தது மனப்பாடம். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம்தான், செபங்களும் கோட்பாடுகளும். பூசை லத்தீனில். வேதாகமத்தை விசுவாசிகள் எல்லாரும் எளிதில் அணுக வழி செய்யணும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1965-ல். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-ல்தான் வந்தது.

நான் வங்கியில் கிளார்க். பாஸ்புக்கை நீட்டி, "என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்கிற அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். பணம் அவங்களுது. ஆனா கணக்கு நான் வாசிச்சுச் சொல்றதுதான். வேதமும் இப்படித்தான். வாசிச்சுச் சொல்றவன் கையில் அதிகாரம் இருக்கு.

அதனால்தான் அந்தோணியார் திருநாளுக்கு வரி கொடுத்தவனுக்கும் பல ஊரில் கல்லறை தனி. கோயிலுக்குள்ளே அவன் தலித். அரசாங்கத் தாளிலே அவன் தலித் இல்லை. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியில் இந்துவை மட்டும் வைத்தது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித் இன்னும் வெளியேதான்.

ஆனா வாசிப்பு நம்ம தெருவுக்கு வந்தப்போ என்ன நடந்தது? 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்திலிருந்து வெளியேறி வந்த ஒரு தலித் பெண் எழுதியது. வெளியிட்டது இதே மதுரையில் இயேசு சபையார் நடத்திய ஐடியாஸ் மையம். நொபிலி வந்த அதே சபை! முன்னுரையில் பாமா பனங்கருக்கையும் எபிரேயர் திருமுகம் பேசுகிற இருபுறமும் கூரான வாளையும் சேர்த்துப் பார்க்கிறார். பனைமரத்தில் மட்டை பொறுக்கின கைக்குத்தான் அந்த வசனத்தின் கூர்மை தெரியும். எந்த வேதபாரகருக்கும் கிடைக்காத விளக்கம் அது.

இது கிறித்தவருக்கு மட்டும் சொல்ற சேதி இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 'ஆதிவேதம்' எழுதினார். அண்ணல் அம்பேத்கர் மனுவைப் படித்தார், 1927-ல் கொளுத்தினார், கடைசியில் 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதினார். படிக்காமல் கொளுத்தவில்லை, கொளுத்தியதோடு நிற்கவும் இல்லை.

நொபிலியிடமிருந்து அந்த வைராக்கியத்தை எடுத்துக்குவோம். வாசலை மட்டும் மாத்துவோம். எந்தப் புத்தகமானாலும் கையில் எடுங்க, சத்தம்போட்டுப் படிங்க. புரியலைன்னா கேளுங்க. ஒத்துக்க முடியலைன்னா சண்டை போடுங்க. நமக்காக இன்னொருத்தன் வாசிச்சது போதும்.