சீருடை கடனை அழிக்காது

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் வீடுகளைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். தவணை முறையில் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை பட்டாளத்தில் சேர நினைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே அது.

நம் தோட்டங்களுக்குப் பட்டாளம் புதியதல்ல. 1943இல் நேதாஜி இந்நாட்டுக்கு வந்தபோது, பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடித்தன. ஆண்கள் மட்டுமல்ல, ஜான்சி ராணிப் படையில் நம் பெண்களும் சேர்ந்தார்கள். இன்றும் மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரருக்கு மட்டும் உரியது என்றாலும், ரேஞ்சர் படைப்பிரிவிலும் மற்றப் பிரிவுகளிலும் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் போகட்டும். போவது நமக்குப் பெருமை.

சென்ற மாதம் ஒரு தம்பி ஆபீசுக்கு வந்து, "அண்ணே, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். நான் மனுப் போடலாமா?" என்று கேட்டான். "தாராளமாகப் போடு" என்றேன். அவன் போகவில்லை. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "எனக்குக் கடன் இருக்கிறதே" என்றான்.

தாயாரின் சிகிச்சைக்காக வங்கியில் வாங்கிய கடன் ஒன்று. மோட்டார் சைக்கிள் கடன் ஒன்று. இரண்டையும் கட்ட முடியாமல் திணறியபோது, யாரோ நல்லவர் சொல்லி ஏ.கே.பி.கே.க்குப் போயிருக்கிறான். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. காசு வாங்காமல் வழி சொல்கிறார்கள். வரவு செலவைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, கட்டக்கூடிய தவணையாக மாற்றித் தருகிறார்கள். அவனுக்கு மாதம் 340 வெள்ளி. இன்னும் 31 தவணை. ஆக 10,540 வெள்ளி பாக்கி.

ஊரில் அவனுக்கு மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். "உடுப்பு மாட்டிவிட்டால் எந்த வங்கிக்காரனும் கிட்டே வர மாட்டான்" என்றாராம் ஒருவர். "கடனைப் பற்றி மூச்சு விடாதே, கேட்டால் இல்லை என்று சொல்" என்றாராம் இன்னொருவர். மூன்றாமவர், "வெளியே வட்டிக்கு வாங்கி இதை ஒரேயடியாக அடைத்துவிட்டுச் சுத்தமாகப் போ" என்றாராம்.

தோழர்களே! இந்த மூன்றும் தவறு. ஏன் தவறு என்று சொல்வதற்கு முன், நான் செய்த ஒரு தவற்றை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்போதிருந்த தோட்டத்தில் இதேபோல் ஒரு பையன் கடனுக்குத் தவணை ஏற்பாடு செய்துகொண்டு ஒழுங்காகக் கட்டி வந்தான். பட்டாளத்தில் இடம் கிடைத்தது. மாலை போட்டு அனுப்பினோம். புறப்படும்போது என்னிடம் வந்து, "அண்ணே, எனக்குக் கடிதம் வந்தால் பத்திரமாக வைத்திருங்கள்" என்றான். நானும் தலையாட்டினேன்.

தோட்டத்தில் கடிதம் எல்லாம் ஆபீசுக்குத்தானே வரும்? அவன் பேருக்கு வந்த உறைகளை ஒன்று விடாமல் மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினேன். பத்திரமாகத்தான் வைத்தேன்! தவணைப் பணத்தைக் கட்டச் சொல்லி வங்கி அட்டையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்தச் சிறுவன் முதல் மாதம் கட்டினான். பிறகு வீட்டில் அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் பணம் போய்விட்டது. ஐந்து மாதம் கழித்து அவன் விடுப்பில் வந்தபோது நான்கு உறைகளை எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தான். தவணை தவறிவிட்டது, ஏற்பாடு ரத்து, முழுக் கடனையும் கட்டு, கடைசிக் கடிதம் வழக்கறிஞருடையது. ஜாமீன் போட்ட தாய்மாமனுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. அந்த மனிதர் பயந்துபோய் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அந்தப் பையன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதல் உறை வந்த அன்றே அவன் தாயாரைக் கூப்பிட்டுக் கொடுத்திருந்தால், ஒரு தவணையோடு போயிருக்கும்.

இனி அந்த மூன்று யோசனைக்கு வருகிறேன்.

முதலாவது, உடுப்பு மாட்டினால் கடன் தீர்ந்துவிடும் என்பது. தீராது. வேலை மாறினாலும் நீங்கள் போட்ட கையெழுத்து மாறுவதில்லை. தவணைகள் தொடர்ந்து தவறினால் ஏற்பாடு முறியும். பழைய கடன் பழைய வேகத்தில் எழும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். தவணைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிவிட்டு வண்டியை இழுத்துப் போகலாம். நீங்கள் போர்ட் டிக்சனில் பயிற்சியில் இருப்பீர்கள். லயத்து வாசலில் நின்று பார்ப்பது உங்கள் தாயார்.

இரண்டாவது, கடனை மறைப்பது. மனுவில் கேட்டாலும் நேரில் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். தவணை ஏற்பாட்டுக் கடிதத்தையும் கட்டிய ரசீதுகளையும் கையோடு கொண்டு போங்கள். அரசாங்கம் கடனை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். படைவீரருக்கு 1972ஆம் ஆண்டு ஆயுதப் படைச் சட்டம் தனியே உண்டு. அரசாங்க ஊழியருக்கு 1993ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிகள் இருக்கின்றன. அந்த விதிப்படி, அடமானம் இல்லாத கடன் பத்து மாதச் சம்பளத்தைத் தாண்டினால் அது கடுமையான கடன் நிலை. அப்படி ஆனால், அல்லது ஆகும்போல் இருந்தால், உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதும், பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதும் தனிக் குற்றம். கடன்பட்டவனிடம் அரசாங்கம் முதலில் எதிர்பார்ப்பது உண்மையைத்தான் என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

தவணை ஏற்பாடு வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. கடனைக் கண்டு ஓடாமல், நின்று கணக்குப் பார்த்து, மாதம் தவறாமல் கட்டுகிறவன் என்பதற்கு அது அத்தாட்சி. அந்த ரசீதுகளை ஒளித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது, வெளியே வட்டிக்கு வாங்கி அடைப்பது. இது தீக்குப் பயந்து கிணற்றில் குதிக்கிற கதை. ஏற்பாட்டில் இருக்கும்போது புதுக் கடன் வாங்குவது ஏற்பாட்டையே கெடுக்கும். ஆலோங்கிடம் வாங்கிய கடனை எந்த ஆலோசனை நிறுவனமும் தவணையாக மாற்றித் தராது. அவன் உங்களைத் தேடி முகாமுக்குப் போக மாட்டான். உங்கள் வீட்டுக் கதவுக்குத்தான் வருவான்.

அப்படியானால் என்ன செய்வது? செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தம்பிமார்கள் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அழைப்புக் கடிதம் கைக்கு வரும்முன் வேலையை விடாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு கணக்கு இல்லையென்றால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரமும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவர் 6 வாரமும், அதற்கு மேற்பட்டவர் 8 வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் போனால் அத்தனை நாள் சம்பளத்தையும் ஈடாகக் கட்ட நேரும். தவணைக்கு வைத்த பணம் அதற்குப் போய்விடும்.

தோட்டத்துக் கடைசிச் சம்பளத்துக்கும் பட்டாளத்து முதல் சம்பளத்துக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. ஏற்பாடுகள் அந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன. ஆகவே மூன்று தவணைப் பணத்தைச் சேர்த்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள். அந்தத் தம்பிக்கு அது 1,020 வெள்ளி. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றாலும், அதில் மீதம் பிடிப்பது எளிதல்ல என்பது செக்ரோல் எழுதும் எனக்குத் தெரியும். ஆகையால் மனுப் போடுகிற மாதத்திலேயே சேர்க்கத் தொடங்குங்கள்.

ஏற்பாடு செய்து கொடுத்தவர்களுக்கு வேலை மாற்றத்தையும் புது விலாசத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தவணை தானாகவே போகும்படி எழுதிக் கொடுங்கள். அட்டையைச் சிறுவர் கையில் கொடுத்துப் போகாதீர்கள்.

ஜாமீன் போட்டவரிடம் முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். 2017இல் திருத்திய திவால் சட்டப்படி, இலாபம் கருதாமல் ஒருவரின் படிப்புக்கோ, சொந்த வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ ஜாமீன் போட்டவரைத் திவாலாக்க முடியாது. தாய்மாமன்மார்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் பணம் கேட்டு வழக்குப் போட முடியும். சட்டம் திவாலிலிருந்து காக்கும்; அவமானத்திலிருந்து காப்பது நீங்கள் கட்டும் தவணைதான்.

கடன் பெரிதாகி நீதிமன்றம் வரை போகும் நிலையில் இருப்பவர்களுக்கு அதே 2017 திருத்தத்தில் இன்னொரு வழி உண்டு. திவால் என்று தீர்ப்பாவதற்கு முன்னரே, கடன்காரர்கள் முன் ஒரு திருப்பிக் கட்டும் திட்டத்தை வைக்கலாம். இடைக்கால உத்தரவு கிடைத்தால் 90 நாள் வழக்குகள் நிற்கும். கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையினரும், தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்களும் சம்மதித்தால் திட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்தும். தீர்ப்பான பிறகு இந்த வழி மூடிவிடும். ஆகவே கடிதம் வந்தால் ஒளிக்காமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

முடிவாக ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். தோட்ட ஆபீசில் கடிதப் புத்தகம் ஒன்று வைக்க வேண்டும். வெளியூர் போன உறுப்பினர் பேருக்குக் கடிதம் வந்தால், அவர் எழுதிக் கொடுத்துப் போன ஆளிடம் அன்றே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கிராணியும் கேட்கக் கூடாது, சங்கமும் வெளியே பேசக் கூடாது. இந்தப் புத்தகம் பத்து வருடத்துக்கு முன்பே இருந்திருந்தால், அந்தப் பையன் இரண்டாவது முறை கடன்காரனாகியிருக்க மாட்டான்.

ஆபீசுக்கு வந்த தம்பி இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். யார் என்று நான் சொல்ல மாட்டேன். தம்பி, மனுவைப் போடு. ரசீதுகளைக் கொண்டு போ. கேட்டால் உண்மையைச் சொல். இடம் கிடைத்தால் நிமிர்ந்து போ. கிடைக்காவிட்டாலும் இந்த மாதத் தவணையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தே நட.

தீர்மானத்தை வழிமொழியும்படி சபையைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.