கடவுச்சீட்டும் கவனமும்



கடல் கடந்து செல்லுதல் மலையகத் தமிழருக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்தம் முன்னோர் தோணியேறி மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுவழி நடந்து மலைநாட்டை அடைந்தனர். அன்று அவர்கள் கையில் கடவுச்சீட்டு இல்லை. கங்காணியின் வாய்ச்சொல் ஒன்றே இருந்தது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதற்கோ கடன் கணக்கைச் சுமந்த ‘துண்டு’ வேண்டியிருந்தது. அம்முறை 1921ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாக ஏற்க 1974இல் இணங்கினர். இறுதியாக, 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராய் நின்றவர்க்கும் இலங்கைக் குடியுரிமை நல்கியது. ஆகவே, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஓர் இளைஞன் இன்று ஏந்தும் கடவுச்சீட்டு, தலைமுறை பல காத்திருந்து பெற்ற உரிமையாகும்.

அவ்வுரிமைக்கு இன்று வேறோர் ஆபத்து நேர்ந்துள்ளது. லயன் வாசலுக்கே முகவர் வருகிறார். “சுற்றுலா விசாவிற் போங்கள், அங்கே வேலை காத்திருக்கிறது” என்கிறார். சுற்றுலா விசா காண்பதற்கும் களிப்பதற்கும் உரியது, உழைப்பதற்கு உரியதன்று. அதில் சென்று வேலை செய்பவர் அந்நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளி ஆகிறார். துன்பம் நேர்ந்தால் முறையிடவும் அஞ்சுகிறார். 2022இல் ஓமானுக்கு இவ்வாறு சென்ற பெண்கள் பட்ட துயரை நாடறியும். தாய்லாந்தில் கணினி வேலை என நம்பிச் சென்ற இளைஞர் சிலர், மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்டதும் அண்மைக்காலச் செய்தியே.

ஆதலின் புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். தோட்டங்களிற் பெயரைப் பலவாறு எழுதிவைத்த பழக்கம் இன்றும் பலரை அலைக்கழிக்கின்றது. கடவுச்சீட்டு ஆறு மாதமேனும் செல்லுபடியாதல் நன்று; பல நாடுகள் அதனைக் கேட்கின்றன. பழனிக்கோ திருச்செந்தூருக்கோ யாத்திரை செல்வோருக்கும் இந்திய விசா வேண்டும்.

வேலைக்குச் செல்வோர், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவு செய்தல் கட்டாயம். முகவருக்கு அங்கே அனுமதிப்பத்திரம் உண்டா என்று விசாரித்தறிய வேண்டும். ஒப்பந்தத்தைத் தாமறிந்த மொழியிற் படித்துக் கேட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வைத்தல் வேண்டும். சென்ற நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைச் செல்பவரும் வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

முன்னோர் வாய்ச்சொல்லை நம்பிப் புறப்பட்டனர். அவர்க்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று எழுத்தறிந்த பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றனர். தாள்களை அவர்கள் வாசித்துச் சொல்லட்டும். பயணம் அதன்பின் தொடங்கட்டும்.