பசிக்குது என்கிறான், சோறு வேண்டாம் என்கிறான்!

(தோட்டக் கிளையின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், வீட்டு வசதி, வேலை நேரம் பற்றியெல்லாம் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நம் வீட்டு அடுப்படியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள நம் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு இது. 'இது பெண்கள் சமாசாரம்' என்று பின்வரிசைத் தோழர்கள் எழுந்துவிட வேண்டாம். அவர்களுக்கும் இதில் பங்குண்டு. அதைக் கடைசியில் சொல்லுகிறோம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் தாய்மார் சொல்லும் குறை ஒன்றுதான். பொழுது விடிந்தது முதல் பிள்ளை, 'அம்மா, பசிக்குது' என்கிறான். தட்டில் சோற்றைப் போட்டு வைத்தால் 'வேண்டாம்' என்று தள்ளுகிறான். கீரையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறான். மீனை வாயில் வைத்தால் துப்புகிறான். தட்டை எடுத்து வைத்துக் கால் மணி நேரம் ஆவதற்குள் மறுபடியும் 'பசிக்குது' என்று வந்து நிற்கிறான்.

தாய் என்ன செய்வாள்? விடியுமுன் எழுந்து வேலைக்குப் போய் வந்த உடம்பு. அழுகையை நிறுத்த ஒரு பிஸ்கட்டைக் கொடுக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து இனிப்புத் தேத்தண்ணி. பிறகு கடையில் வாங்கிய பொட்டலம். 'பிள்ளையைப் பட்டினி போடுகிறாள்' என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். 'செல்லம் கொடுத்தே கெடுத்துவிட்டாள்' என்று வீட்டில் பேசுகிறார்கள். இரண்டு பழியும் அவள் தலையில்தான்.

பிள்ளை பொய் சொல்லுகிறானா? இல்லை. பசிக்கிறது என்பதும் உண்மை. சோறு வேண்டாம் என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்க முடியும் என்று பார்ப்போம்.

ஏன் இப்படி?

பிறந்த குழந்தையின் எடை ஒரு வயதுக்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அதன் பிறகு வளர்ச்சியின் வேகம் குறைகிறது. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோதான் கூடும். வளர்ச்சி மெதுவானால் ஒரு வேளைக்குத் தேவையான அளவும் குறையும். 'சின்னக் குழந்தையாக இருக்கும்போது நன்றாகச் சாப்பிட்டானே' என்று வருந்துகிறோம். அது குறை அல்ல, இயற்கை.

இந்த வயதுப் பிள்ளையின் வயிறும் சிறியது. பெரியவர்களைப் போல ஒரே வேளையில் நிறைத்துக் கொண்டு ஆறு மணி நேரம் தாங்க முடியாது. ஆகவே இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பசிக்கத்தான் செய்யும்.

புதிய உணவைக் கண்டு அஞ்சுவதும் இந்த வயதின் குணம். இரண்டிலிருந்து ஆறு வயது வரை இது மிகுதி. ஒரே காயைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். நாமோ மூன்றாம் நாளே 'இவனுக்குக் கீரை ஆகாது' என்று தீர்ப்பெழுதி விடுகிறோம்.

இவையெல்லாம் இயற்கை. ஆனால் நாமாகச் சேர்த்துவிடும் காரணம் ஒன்று உண்டு. நாள் முழுவதும் கொறிப்பதுதான் அது. பிஸ்கட்டும் இனிப்புத் தண்ணியும் பசியை அடக்கும், வயிற்றைத் தாங்காது. சாப்பாட்டு வேளை வரும்போது பசி பாதி செத்திருக்கும். சோற்றைத் தள்ளுவான். தள்ளியதால் சீக்கிரமே பசிக்கும். பசித்ததால் மறுபடி பிஸ்கட். இந்தச் செக்கு இப்படியே சுற்றுகிறது. பிள்ளைக்கு முழுப் பசியும் தெரியாது, முழு வயிறும் தெரியாது.

டின் பால் கதை

சிங்கப்பூரில் 1939-ஆம் ஆண்டு டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவ அம்மையார் ரோட்டரி சங்கத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு. தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பாலைப் புகட்டுவதால் பச்சைக் குழந்தைகள் சாவதைக் கண்டு, அதைக் கொலை என்றே வெளிப்படையாகச் சொன்னார். யுத்த காலத்தில் ஜப்பானியரிடம் சாங்கியில் சிறைப்பட்டுக் கிடந்தவர் அவர்.

அவர் பேசியது கைக்குழந்தைகளைப் பற்றி. நாம் பேசுவது நாலு வயதுப் பிள்ளையைப் பற்றி. ஆனால் அந்த டின் இன்னும் நம் அடுக்களைப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ பாதி சீனி. இன்று கடையில் விற்கும் டின்கள் பலவற்றில் பால் குறைவு. செம்பனை எண்ணெய் சேர்த்த கிரீமர்தான் இருக்கிறது. அதை ஊற்றிய தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, 'பால் குடித்தான்' என்று கணக்கு வைக்கக் கூடாது. சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் குணமும் தேயிலைக்கு உண்டு.

நல்ல பாலுக்கும் அளவு வேண்டும். நாளைக்கு இரண்டு கோப்பை போதும். புட்டிப் புட்டியாகப் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் இருக்காது, இரத்தமும் குறையும்.

வீட்டில் ஓர் ஒப்பந்தம்

நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஒப்பந்தம் இருப்பதுபோல், தாய்க்கும் பிள்ளைக்கும் ஓர் ஒப்பந்தம் வேண்டும். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் அறிஞர் வகுத்த முறை இது. என்ன சாப்பாடு, எந்த நேரம், எந்த இடம் என்ற மூன்றும் பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு சாப்பிடுவது என்ற இரண்டும் பிள்ளையின் உரிமை. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகக் கூடாது.

முதலில் நேரம். காலையில் பசியாறல், பத்து மணிக்குச் சிறு தீனி, மதியச் சோறு, மாலைத் தீனி, இரவுச் சோறு என ஐந்து வேளை. இடையில் பச்சைத் தண்ணீர் மட்டும். நடுவில் 'பசிக்குது' என்று வந்தால் அடிக்க வேண்டாம், ஏசவும் வேண்டாம். 'பழம் தின்கிற நேரம் வரப்போகிறது, அய்யா' என்று சொல்லிக் காத்திருக்கப் பழக்குங்கள். முதல் சில நாள் அழுவான். அடுத்த வேளை தவறாமல் வரும் என்று நம்பிக்கை பிறந்தால் அழுகை குறையும். ஆகையால் சொன்ன வேளையைத் தவறவிடாதீர்கள்.

அடுத்தது தட்டு. அவன் வழக்கமாகச் சாப்பிடும் பொருள் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பக்கத்தில் புதியது கொஞ்சம். வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது ஒரு கணக்கு. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி வைத்தால் போதும். வேண்டுமானால் மறுபடி கேட்பான். குன்றுபோல் குவித்து வைத்தால் பார்த்தவுடனே மலைத்துப் போவான். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிட்டு, நாமும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். 'இதைத் தின்றால் மிட்டாய் தருவேன்' என்ற பேரம் கூடாது. கீரை தண்டனை, மிட்டாய் பரிசு என்றுதான் அதிலிருந்து படிப்பான். வாயைத் திறந்து திணிப்பதும் வேண்டாம். இருபது முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்து விடுங்கள். வேறு சமையல் செய்யாதீர்கள்.

பணக்காரச் சாமான் எதுவும் தேவையில்லை. வயிற்றில் தங்கி நிற்பவை முட்டை, பருப்பு, மீன், தெம்பே, பாசிப்பயறு போன்றவை. நெத்திலியைக் கழுவி வறுத்து இடித்து வைத்தால், ஒரு சிட்டிகை சோற்றில் பிசையலாம். குழம்பில் மிளகாய் சேர்க்குமுன் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள். வேலியோர முருங்கைக் கீரையைப் பருப்பில் கடைந்து, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கீரையின் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சிறு தீனிக்கு அவித்த வள்ளிக் கிழங்கு, பப்பாளி, வாழைப்பழம், சுண்டல் போதும். ஆனால் முழுக் கடலையும், கொட்டை எடுக்காத ரம்புத்தானும் இந்த வயதில் கொடுக்கக் கூடாது. தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

எப்போது மருத்துவரிடம் போவது?

எவ்வளவு தின்றும் எடை ஏறவில்லை, மண்ணைத் தின்கிறான், முகம் வெளிறியிருக்கிறது, இரவில் ஆசனவாய் அரிக்கிறது என்றால் பூச்சியோ இரத்தக் குறைவோ இருக்கலாம். ஓயாத தாகம், அடிக்கடி மூத்திரம், உடம்பு இளைப்பு என்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் நீரிழிவு வரும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கொடுத்த பிள்ளையின் பதிவுப் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அதிலுள்ள எடைக் கோடு ஏறிக்கொண்டே இருந்தால், அவன் ஒரு வேளை தட்டைத் தள்ளியதற்கு நாம் கலங்க வேண்டியதில்லை.

தோழர்களின் பங்கு

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மை ஆகாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றியிருந்தார்கள். ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல்! இத்தனை பிள்ளைகளும் அடம் பிடித்தா குன்றிப் போனார்கள்? கூலி போதாத வீட்டில் தாய்க்கு உபதேசம் மட்டும் செய்வது அநியாயம். மாதக் கடைசியில் முட்டை வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளை 'பசிக்குது' என்றால், அது பிடிவாதம் அல்ல, உண்மைப் பட்டினி. அதற்கு மருந்து நியாயமான சம்பளம்தான்.

தாய் ஐந்து மணிக்கு வீட்டை விட்டால் ஐந்து வேளையை யார் நடத்துவது? ஆயாக் கொட்டகை இருந்த காலத்தில் ஆயா பார்த்துக் கொண்டார். தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் அமைப்பதற்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடமுண்டு. அதைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் கடமை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய், தொழிற்சாலைப் பேருந்துக்கு ஓடும் தாய்க்கும் இதே கஷ்டம்தான்.

அதுவரை வீட்டிலுள்ள ஆண்கள் சும்மா இருக்கலாமா? பசியாறலைத் தகப்பன் கொடுக்கட்டும். தாத்தாவும் பாட்டியும் ஆசைக்குக் கொடுக்கும் மிட்டாய்க் காசு, ஒரு சீப்பு வாழைப்பழமாக வீட்டுக்கு வரட்டும். தாய் ஒரு சட்டம், தகப்பன் ஒரு சட்டம், பாட்டி ஒரு சட்டம் என்றிருந்தால் எந்த ஒப்பந்தமும் நிலைக்காது. இது தொழிற்சங்கத்தில் இருக்கும் நமக்குத் தெரியாததா?

தாய்மார்களே! பிள்ளை தட்டைத் தள்ளுவது உங்கள் தோல்வி அல்ல. வேளை தவறாமல் நல்லதைத் தட்டில் வைத்தால் உங்கள் பங்கு முடிந்தது. மீதியை அவன் வயிறு பார்த்துக் கொள்ளும். நாளைக்கே முடியாவிட்டாலும், அடுத்த சம்பள நாளிலிருந்து அந்த இனிப்பு டின்னை வாங்காமல் விட்டு, அந்தக் காசுக்கு முட்டை வாங்கித் தொடங்குங்கள்.