வெட்டிப் போட வசதியான பாட்டு

கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் பற்றிக் கொஞ்சம் பேசலாம்னு வந்திருக்கேன்.

1917இல் புரூக்ளினில் பிறந்து, 2010இல் மறைந்தவர். பதினாறு வயதில் ஹார்லெமில் காட்டன் கிளப்பில் ஆடச் சேர்ந்தார். மேடையில் ஆடுறது, பாடுறது எல்லாம் கறுப்பர்கள். நாற்காலியில் வெள்ளையர்கள். பிறகு வானொலி. 1942இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவோடு ஏழு வருஷ ஒப்பந்தம்.

விஷயம் இங்கதான் இருக்கு. 1943இல் கறுப்பர்களே நடித்த இரண்டு படங்களை விட்டுவிட்டால், பெரும்பாலான படங்களில் லீனா கதைக்குள் வரவே மாட்டார். நல்ல உடுப்பு, தூணோரம் நின்று ஒரு பாட்டு. யாரோடும் பேச்சுக் கிடையாது. காரணம், படம் அமெரிக்கத் தென்மாநிலங்களுக்குப் போகும்போது அந்தப் பாட்டை மட்டும் கத்தரித்துவிடலாம், கதை அறுபடாது. வங்கியில் பேரேடு எழுதுகிறவன் நான். எனக்கு இது கணக்காகத்தான் தெரியுது. வடக்கே அவர் பாடியதற்கு வசூல், தெற்கே அவரை வெட்டியதற்கு வசூல். இரண்டு பக்கமும் வரவு.

வானொலியில் நிறம் தெரியாதே என்பீங்க. போர்க்காலத்தில் ராணுவ வானொலி கறுப்புச் சிப்பாய்களுக்கென்றே 'ஜூபிலி' என்று தனி நிகழ்ச்சி வைத்திருந்தது. அதில் லீனா பாடினார். ஒரு முகாமுக்குப் பாடப் போனார். முன்வரிசையில் ஜெர்மன் போர்க்கைதிகள். சொந்த நாட்டுக் கறுப்புச் சிப்பாய்கள் அவங்களுக்குப் பின்னால! லீனா மேடையை விட்டு இறங்கி நடந்தார். கைதிகளுக்கு முதுகைக் காட்டி நின்று பின்வரிசைக்குப் பாடினார்.

1950இல் கம்யூனிஸ்ட் சார்பாளர்கள் என்று 151 பேரின் பட்டியல் வெளியானது. லீனா பெயரும் இருந்தது. வானொலி, தொலைக்காட்சிக் கதவுகள் சாத்தப்பட்டன. 1951இல் 'ஷோ போட்' படம். ஜூலி என்கிற கலப்பினப் பெண்ணின் வேடம். 1946இல் வேறொரு படத்தில் ஜூலியாக ஒரு பாட்டு பாடியவர் லீனா. ஆனால் கறுப்பு-வெள்ளை உறவைத் திரையில் காட்டக் கூடாது என்பது ஹாலிவுட் தணிக்கை விதி. வேடம் வெள்ளை நடிகை ஏவா கார்ட்னருக்குப் போனது. படத்தில் ஏவாவின் பாட்டுக்கு இன்னொருத்தர் குரலை இரவல் வாங்கினாங்க.

1981இல் பிராட்வேயில் தன் கதையைத் தானே சொல்லிப் பாடி 333 காட்சிகள் நடத்தினார் லீனா. அப்போது அறுபது தாண்டிய வயசு. ஒரே மாலையில் 'ஸ்டார்மி வெதர்' பாட்டை இரண்டு தடவை பாடுவார். முதல் தடவை, சினிமா கேட்ட மாதிரி. இரண்டாம் தடவை, தன் இஷ்டத்துக்கு.