நாவும் பேசும், மெய்யும் பேசும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைப்பேச்சில் சொல்லுக்கும் உடல்மொழிக்கும் உள்ள பங்கு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பேச்சுப் போட்டிக்கு அழைத்துச் சென்றேன். தலைப்பு நீர்வளம் பற்றியது. உரையை நானே எழுதினேன். அடுக்குமொழி, மேற்கோள், புள்ளிவிவரம் எல்லாம் இருந்தன. இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். 'ஆறுகளே' என்னும் இடத்தில் வலக்கையை நீட்ட வேண்டும், 'நெஞ்சம் பதறுகிறது' என்னும் இடத்தில் கையை மார்பில் வைக்க வேண்டும் என்று அதையும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

மேடையில் நன்றாகத்தான் தொடங்கினாள். மூன்றாவது பத்தியில் ஒரு வரியை முன்பின்னாக மாற்றிச் சொல்லிவிட்டாள். பொருளுக்கு எந்தக் கேடும் இல்லை. நடுவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அடுத்த நொடி அவள் நின்றுவிட்டாள். ஒரு சொல்லும் வரவில்லை. அழுதுகொண்டே இறங்கினாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டேன், "எப்படிம்மா மறந்துச்சு?" அவள் சொன்னாள்: "மறக்கல சார். மாத்திச் சொன்னதும் உங்களப் பார்த்தேன். நீங்க முறைச்சீங்க. அப்புறம் ஒண்ணுமே வரல."

நான் முறைத்தது எனக்கே தெரியாது. நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் என் புருவம் பேசிவிட்டது. உடல்மொழி பற்றி அந்தப் பிள்ளைக்கு இரண்டு வாரம் பாடம் எடுத்த நான், அதை அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இனி, நம்மிடையே புழங்கும் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வோம். தொடர்பாற்றலில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று பல பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள். ஆல்பர்ட் மெக்ரேபியன் என்னும் உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. அங்கே யாரும் மேடைப்பேச்சு பேசவில்லை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் பதிவு செய்து கேட்கச் செய்தார்கள். ஓர் ஆய்வில் முகப் படங்களையும் சேர்த்துக் காட்டினார்கள். பேசுபவருக்கு விருப்பமா, வெறுப்பா என்று கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதுதான் கேள்வி. உணர்வையும் மனப்பான்மையையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும் என்று மெக்ரேபியனே விளக்கியிருக்கிறார்.

நான் ஒளிச்சேர்க்கையை நடத்தினால், அதில் 93 விழுக்காட்டைக் கையசைவும் குரலும் விளக்கிவிடுமா? விளக்காது. சொல் இல்லாமல் பொருள் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் ஓர் உண்மை உண்டு. சொல் ஒன்றும் முகம் வேறொன்றும் சொன்னால், கேட்பவர் முகத்தைத்தான் நம்புவார். என் மாணவியும் அதைத்தான் செய்தாள்.

இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது வகுக்கிறது. உள்ளத்தில் எழும் உணர்வு மெய்யில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. இந்த வரிசையைக் கவனியுங்கள்: உணர்வு முதலில், உடல் அடுத்து. நான் செய்தது இதற்குத் தலைகீழ். உணர்வே இல்லாத இடத்தில் கையை மார்பில் வைக்கச் சொன்னேன்.

திருக்குறளில் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. 71 குறிப்பறிதல், 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. இந்த மூன்றும் அடுத்தடுத்து நிற்பதை ஓர் ஆசிரியராக நான் இப்படிப் படிக்கிறேன்: முதலில் எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பை அறிய வேண்டும், அடுத்து அவையின் தன்மையை அறிய வேண்டும், அதன்பின் அச்சம் தானாகக் குறையும். நாமோ எடுத்த எடுப்பில் பிள்ளையை மேடையில் ஏற்றி, "பயப்படாமல் பேசு" என்கிறோம்.

சரி, வகுப்பறையில் என்ன செய்யலாம்? முதலில் சொல்லின் பக்கம்.

தமிழில் பேசப் பழக்கும்போது ஒலிப்பு முக்கியம். 'பள்ளி' என்பது 'பல்லி' ஆனால் அவை சிரிக்கும். சிரிப்பில் பேச்சு கரைந்துபோகும். ல, ள, ழ வேறுபாட்டைப் போட்டிக்கு முதல் நாள் திருத்த முடியாது. தொடக்கப்பள்ளியிலேயே நாளுக்கு இரண்டு நிமிடம் வாய்விட்டுப் படிக்கச் செய்தால் வந்துவிடும்.

அடுத்தது நிறுத்தம். 'பழைய மாணவர் சங்கம்' என்று எழுதிக் கொடுங்கள். 'பழைய' என்ற சொல்லுக்குப் பின் நிறுத்தினால் சங்கம் பழையது. 'மாணவர்' என்ற சொல்லுக்குப் பின் நிறுத்தினால் மாணவர்கள் பழையவர்கள். எங்கே மூச்சு விடுகிறோம் என்பதே பொருளை மாற்றுகிறது. மனப்பாடம் செய்த பிள்ளை மூச்சு தீர்ந்த இடத்தில் நிறுத்தும். பொருள் உணர்ந்த பிள்ளை பொருள் முடிந்த இடத்தில் நிறுத்தும்.

பிறகு அழுத்தம். 'இந்த ஏரியை நாம் காப்பாற்ற வேண்டும்.' இதே வாக்கியத்தை ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் வெவ்வேறு சொல்லை அழுத்திச் சொல்லச் செய்யுங்கள். 'இந்த' என்பதை அழுத்தினால் வேறு ஏரி இல்லை என்று பொருள். 'நாம்' என்பதை அழுத்தினால் அரசு வரும் என்று காத்திருக்க வேண்டாம் என்று பொருள். ஒரே வாக்கியம், பல பேச்சு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்வார்கள்.

இனி உடலின் பக்கம். இரண்டு பாதமும் தரையில் ஊன்றி நின்றாலே பாதித் தடுமாற்றம் போய்விடும். ஒரு காலில் சாய்ந்து நிற்கும் பிள்ளை ஆடத் தொடங்கும். ஆட்டம் குரலிலும் தெரியும். மேடை ஏறியதும் பேசத் தொடங்காமல், ஒரு மூச்சு இழுத்துவிட்டு அவையைப் பார்க்கட்டும். எல்லோரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. இடப்பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என மூன்று முகங்களை முதலிலேயே தேர்ந்துகொண்டு, ஒரு வாக்கியத்தை ஒருவரிடம் சொல்லி முடித்துவிட்டு அடுத்தவரிடம் போகலாம். ஒலிவாங்கி இருந்தால் வாயிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொடங்கி, குரலுக்கேற்ப நெருங்கவோ விலகவோ பழக்குங்கள். உயரத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்ய ஒருவர் அருகில் இருக்கட்டும். சிறு பிள்ளைகள் எக்கி எக்கிப் பேசுவதை நாம் எத்தனை விழாக்களில் பார்த்திருக்கிறோம்!

கைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. சொல்லிக் கொடுத்த கையசைவு எப்போதும் சொல்லுக்குப் பின்னால்தான் வரும். இயல்பான கையசைவு சொல்லோடு சேர்ந்தோ, ஒரு கணம் முன்னரோ வரும். அவைக்கு இந்த இலக்கணம் தெரியாது. ஆனால் ஏதோ பொய்யாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆகவே கைக்குப் பாடம் வேண்டாம். நேரில் கண்டதைச் சொல்லச் சொல்லுங்கள். கை தானாக எழும்.

மனப்பாடமே கூடாதா என்று கேட்பீர்கள். தொடக்க வாக்கியமும் முடிவு வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் நான்கு கருத்துகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லாக, வரிசையாக நினைவில் வைக்கட்டும். வரி மறந்தால் பேச்சு நின்றுவிடும். கருத்து நினைவிருந்தால் வேறு வரி கிடைக்கும்.

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஆற்றிய உரையில், உலகம் நினைவில் வைத்திருக்கும் 'கனவு' பகுதி அவர் கொண்டுவந்த எழுத்துரையில் இல்லை. அவையின் முன் நின்றபோது தாளை விட்டு விலகிப் பேசினார். ஆனால் அது திடீரென்று முளைத்ததும் இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்ட் நகரிலும் அந்தக் கனவைப் பற்றிப் பேசியிருந்தார். பலமுறை பேசிப் பழகியவருக்குத்தான் தாளை விட்டு விலகும் துணிவு வரும்.

அந்தப் பழக்கத்தை எங்கே கொடுப்பது? படிப்படியாகக் கொடுக்கலாம். முதலில் பக்கத்தில் இருக்கும் தோழரிடம் ஒரு நிமிடம். அடுத்து நான்கு பேர் குழுவில். பிறகு வகுப்பின் முன். அதன்பின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில். ஒவ்வொரு வாரமும் அதே மூன்று பிள்ளைகளே மேடையேறுகிறார்களா என்று பாருங்கள். பரிசு வாங்கித் தரும் ஒரு பிள்ளையை நாம் பத்து முறை மேடையேற்றுகிறோம். பள்ளியை விட்டுப் போகும்வரை நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளைகள் அதே வகுப்பில் இருக்கிறார்கள். நாளை பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் அலுவலகத்திலும் தன் உரிமையைக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பிள்ளைகளின் உடல்மொழியைப் படிப்பதிலும் நாம் அவசரப்படக் கூடாது. கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளை பொய் சொல்கிறது என்றோ, மரியாதை இல்லாதது என்றோ முடிவு செய்துவிடுகிறோம். பெரியவர் முன் தலை தாழ்த்துவதுதான் மரியாதை என்று வீட்டில் கற்றுவந்த பிள்ளையாக அது இருக்கலாம். திக்கிப் பேசும் பிள்ளையிடம் "மெதுவாகப் பேசு" என்று சொல்லாதீர்கள். அது சொல்லி முடிக்குமுன் அந்தச் சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். முகம் மாறாமல் காத்திருப்பதே பேருதவி.

காத்திருப்பது என்றதும் நம் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று நாளும் சொல்கிறோம். சொல்லிக்கொண்டே கரும்பலகையைத் துடைக்கிறோம், அல்லது கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். வாய் 'கேள்' என்கிறது; முதுகு 'கேட்காதே' என்கிறது. பிள்ளைகள் முதுகை நம்புகிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடிதான். அதற்குச் செலவில்லை, கருவி வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவே.

அந்த மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன். மறு ஆண்டு அவள் போட்டிக்கு வர மறுத்தாள். நானும் வற்புறுத்தவில்லை. "காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசுறியா? உங்க தெருக் குழாயப் பத்தி. நான் எழுதித் தரமாட்டேன்" என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். தண்ணீர் வரும் நேரம், வரிசையில் நிற்கும் குடங்கள், அதனால் அம்மா வேலைக்குத் தாமதமாகப் போவது எல்லாவற்றையும் தன் சொற்களில் சொன்னாள். குடத்தை இடுப்பில் ஏற்றுவதைச் சொல்லும்போது அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. நடுவில் ஒருமுறை நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் என் முகத்தைக் கவனித்துக்கொண்டேன். லேசாகத் தலையசைத்தேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தாள். பரிசு எதுவும் இல்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், எங்க தெருவுலயும் அப்படித்தான். நாளைக்கு நான் பேசவா?" என்று கேட்டான்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். நாளை ஒரு பிள்ளை உங்கள் முன் எழுந்து நின்று பேசும்போது, அது என்ன பேசுகிறது என்பதோடு, அதைக் கேட்கும் உங்கள் முகம் என்ன பேசுகிறது என்பதையும் கவனியுங்கள்.