வினாக்குறிகளை எண்ணிப் பார்ப்போம்



மாணவர் ஒருவர் தம் கணினியிலேயே டாம்கேட் வழங்கியை நிறுவி, ஜாவா சர்வ்லெட் கொண்டு சிறிய சொல்தேடல் ஒன்றை அமைக்கிறார் எனக் கொள்வோம். பக்கம் திறக்கிறது. ‘தமிழ்’ என்று தேடினால், திரையில் வருபவை 5 வினாக்குறிகள். ‘இக்கருவிக்குத் தமிழ் ஒத்துவராது’ என்று அவர் ஆங்கிலச் சொற்பட்டியலுக்கு மாறிவிடக்கூடும். நாம் தடுக்க வேண்டியது அந்த முடிவைத்தான்.

‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள்; ஆக 15 பைட்டுகள். குறிமுறை இன்னதென்று நாம் அறிவிக்காவிடில், சர்வ்லெட் வரையறை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 முறையைக் கொள்கிறது. அதில் ஒரு பைட்டு ஓர் எழுத்து. தமிழுக்கு அங்கே இடமில்லை.

இனி எண்ணிக்கையே பிழையின் இடத்தைக் காட்டும். வினாக்குறிகள் 5 என்றால், வழங்கி நம் சொல்லைச் சரியாகவே பெற்றுக்கொண்டது. வெளியே அனுப்புகையில்தான் இழந்தது. விடையின் குறிமுறை யூடிஎஃப்-8 என்று அறிவிக்க வேண்டும். அதையும் எழுதியைப் பெறுவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். பின்னர் அறிவித்தால் பயனில்லை, பிழைச்செய்தியும் வராது.

அதன்பின் படிவத்தை ‘போஸ்ட்’ முறைக்கு மாற்றும்போது, சொல்லின் நீளம் 15 என்று வரக்கூடும். வரும்வழியிலேயே பைட்டுகள் தனித்தனி எழுத்துகளாகப் பிரித்துப் படிக்கப்பட்டன என்பது அதன் பொருள். கோரிக்கையின் குறிமுறையை, முதல் உள்ளீட்டைப் படிக்கும் முன்னரே அறிவித்தால் நீளம் 5 ஆகிவிடும். முகவரி வரியில் வரும் சொல்லுக்கு இவ்வறிவிப்பு பொருந்தாது. டாம்கேட் 7 வரை அதற்கு வழங்கியின் அமைப்புக் கோப்பில் தனியே குறிக்க வேண்டும். 8ஆம் பதிப்பு முதல் யூடிஎஃப்-8 இயல்பாகவே உண்டு. தேடல் முதலில் முகவரி வழியாகச் சென்றதால்தான், நம் மாணவருக்கு உள்வரும் வழியில் சிக்கல் எழவில்லை.

இவ்விரு பிழைகளையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது. தவறாகப் படிக்கப்பட்ட 15 பைட்டுகளை மீட்டுவிடலாம். வினாக்குறியாகிவிட்ட எழுத்தை மீட்க இயலாது. அவ்வாறே சேமித்த சொற்பட்டியல் அழிந்த பட்டியலே.

ஆசிரியர்களே, குறை தமிழிலும் இல்லை, கருவியிலும் இல்லை. சொல்லாமல் விட்ட இரண்டு அறிவிப்புகளில் இருக்கிறது. மாணவர் வினாக்குறிகளோடு நம்மிடம் வரும்போது, முதலில் அவற்றை எண்ணச் சொல்வோம்.