இலையும் மாத்திரையும்: அளந்து பார்ப்போம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் லயத்துக் கூரையைப் பற்றியும் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று இனிப்பு நீர் வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் தொழிலாளர் பிரச்னையே. 2019ஆம் ஆண்டு மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100க்கு 31 பேர். நோயுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, தங்களுக்கு அது உண்டென்பதே அதுவரை தெரியாது.

நம் லயங்களில் ஒரு பேச்சு உண்டு: "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெந்தயமும் பாகற்காயும் போதும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யை நாம் நம்பமாட்டோம். பாதி உண்மைதான் ஆளை ஏமாற்றும். ஆகவே எது உண்மை, எது இல்லை என்று பிரித்துப் பார்ப்போம்.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் மாவுப்பொருள். வாயிலும் குடலிலும் உள்ள நொதிகள் அந்த மாவைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரை இரத்தத்தில் சேருகிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அதை உடலுக்குள் அனுப்புகிறது. இன்சுலின் குறைந்தாலோ, சரியாக வேலை செய்யாவிட்டாலோ, சாப்பிட்டபின் சர்க்கரை ஏறி இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. சில செடிகள் இந்த ஏற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன என்பது மெய்.

வெந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்தால் வழுவழுப்பாகிறதல்லவா? அது தண்ணீரில் கரையும் நார். வயிற்றில் கூழாகி, உணவு குடலுக்கு இறங்குவதையும் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதையும் மெதுவாக்குகிறது. நாளொன்றுக்கு 5 கிராமோ அதற்கு மேலோ கொடுத்துப் பார்த்த சோதனைகளில், சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை குறைந்தது. ஆனால் நோய் போய்விடவில்லை.

இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்னும் கொடியின் கட்டையைக் குடைந்து குவளை செய்து, அதில் ஊறிய தண்ணீரைக் குடிப்பது பழைய வைத்தியம். 1997ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அந்த இனக் கொடியிலிருந்து சலாசினால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மாவை வெட்டும் நொதியின் வாயை அது அடைக்கிறது. பாகற்காய் நல்ல கறி. ஆனால் அதைக் கொண்டு நடந்த சோதனைகள் ஒரே முடிவைத் தரவில்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சீனியை வாயில் போட்டால் மணல்போல் இருக்கும். நாக்கின் இனிப்புச் சுவையை அது சிறிது நேரம் மறைக்கிறது. நாக்குக்குத் தெரியவில்லை என்பதால் இரத்தத்தில் சீனி இல்லை என்றாகிவிடுமா?

இனி மாத்திரைக்கு வருவோம். கிளினிக்கில் பெரும்பாலோருக்குக் கொடுக்கும் மெட்போர்மினுக்கும் ஒரு செடியே மூதாதை. ஐரோப்பாவில் கலேகா என்னும் செடியைப் பழங்காலத்தில் வைத்தியத்துக்குப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதைப் போன்ற, தீங்கு குறைந்த பொருளைத் தேடினார்கள். மெட்போர்மின் 1922ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வைத்தியர் ழான் ஸ்டெர்ன், நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். ஆகவே செடிக்கும் மாத்திரைக்கும் சண்டை இல்லை. மாத்திரையில் அளவு தெரியும், இலையில் தெரியாது. வேறுபாடு அதுவே. சிறுநீரகத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் மாத்திரை அல்ல, கட்டுக்கடங்காத சர்க்கரையே.

தோழர்களே, நாம் கொண்டுவரும் பாலை நிறுக்காமல், உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்க்காமல் கணக்கு எழுதினால் சும்மா இருப்போமா? சரியான தராசு வேண்டும் என்று போராடுவோம். நம் பாலுக்குத் தராசு கேட்கும் நாம், நம் இரத்தத்தை மட்டும் ஏன் குத்துமதிப்பில் விடுகிறோம்? நோயில்லாதவருக்குச் சாப்பிட்டு 2 மணி நேரத்தில் சர்க்கரை 7.8 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். உங்கள் கணக்கு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொட்டலத்தில் வரும் பெயர் தெரியாத சூரணங்களிடம் எச்சரிக்கை வேண்டும். 2008ஆம் ஆண்டு சிங்கப்பூரில், அனுமதியின்றி விற்ற ஆண்மை மருந்துகளிலும் மூலிகைச் சரக்கிலும் கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை மருந்து ரகசியமாகக் கலந்திருந்தது. இனிப்பு நீர் இல்லாத 150 பேர் சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 4 பேர் மாண்டார்கள்.

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? வெந்தயம் சாப்பிடுங்கள்; ஆனால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். கர்ப்பிணிகள் அதை மருந்தாக உண்ண வேண்டாம். கீரையையும் காயையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னால் வையுங்கள். டின் பால் ஊற்றிய தேநீரைக் குறையுங்கள். நாற்காலியில் நாள் கழிக்கும் கிராணிமார்கள் சாப்பிட்டபின் சற்று நடக்கட்டும். இன்சுலின் போடுபவரும் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை உண்பவரும், விடியுமுன் வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போகலாகாது. கை நடுங்கி வியர்த்தால் உடனே இனிப்பு எதையாவது வாயில் போடவேண்டும். பூட்சைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். வலிக்காத புண்ணே காலை வாங்கும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பதும் ஒன்று உண்டு. கிளினிக் தவணை நாளைச் செக்ரோலில் வேலைக்கு வராத நாளாக எழுதலாகாது. ஒருநாள் பேர் போய்விடும் என்று பயந்து தவணையைத் தள்ளுகிறவன், பின்னால் காலையே இழக்க நேரிடும். இது சலுகை அல்ல, நியாயம்.

இலையை இகழவும் வேண்டாம், மாத்திரையை எறியவும் வேண்டாம். எதை உண்டாலும் அளந்து பார்ப்போம். அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொருவரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வருவோம் என்று இங்கேயே முடிவு செய்வோம்.